முகத்தில் சுரந்த எண்ணெய்

தையல் மெஷின் பழுதுபார்ப்பவரின் இரண்டாவது மகளுக்குப் பதினைந்து வயதில் முகத்தில் எண்ணெய் சுரக்க ஆரம்பித்தது. மறு வருஷம் அந்தத் தெருவே அவள் எண்ணெயில் ஓடியது. அந்த வயதில் எல்லாருக்கும் கொஞ்சம் வழியும். அவளுக்குத் தாடையிலிருந்து சொட்டியது. அப்பா விளையாட்டாகப் பஞ்சில் ஒற்றி, துருவேறி இறுகிக் கிடந்த ஒரு மெஷினுக்கு விட்டார். கை படாமலே சக்கரம் சுற்றியது. அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? காலையில் கடை திறந்ததும் அவளை ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். சைக்கிள் செயினுக்கு, பூட்டுக்கு, ஷட்டருக்கு என்று அவரவர் பஞ்சோடு வந்து ஒற்றிக்கொண்டு போனார்கள். "சும்மா வழியிறதுதானே, நாலு பேருக்கு உதவட்டும்" என்றாள் அம்மா. எண்ணெய்க்கேன் என்று அவளுக்குப் பட்டப்பெயரும் விழுந்தது.

எண்ணெயோடு பருவும் வந்தது. நெற்றி, கன்னம், மோவாய் என்று ஒன்று பழுத்து அமுங்குவதற்குள் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. வந்தவர்கள் முதலில் பருவை விலக்கி ஒற்றினார்கள். பிறகு விலக்க இடமில்லை. கொஞ்ச காலம் வலித்தது. போகப் போக அந்த வலி பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பதுபோல் ஆயிற்று. கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் சொல்லித்தான் தெரியும். அக்கா கல்யாணமாகிப் போனாள், ஒரு கடை இரண்டு கடையானது, இவளுக்கு ஸ்டூலிலேயே இருபத்து நான்கு வயதானது.

ஷட்டருக்கு எண்ணெய் எடுக்க வந்த மருந்துக்கடைக்காரம்மா, நீட்டிய பஞ்சை மடக்கிக்கொண்டு கேட்டார்: "வலிக்கலையா?"

"தெரியலக்கா" என்றாள். அதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் அவர் சின்ன பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "சாலிசிலிக் ஆசிட். பேரைக் கேட்டு பயந்துடாத. இது எண்ணெய்ல கலக்கும், அதனால துவாரத்துக்குள்ளயே இறங்கி அடைப்பைத் தளர்த்தும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமா போடு. தோல் காயும், க்ரீம் தடவிக்கோ. ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும்."

"எண்ணெய் நின்னு போச்சுன்னா கடை என்னாகறது?" என்றார் அப்பா. மகளுக்குக் கோபம்கூட வரவில்லை. போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

எண்ணெய் நிற்கவில்லை. அடைப்பு விலகிய துவாரங்களிலிருந்து தண்ணீர்போல் தெளிந்து வந்தது. பருக்கள் ஒவ்வொன்றாக அமுங்கின. தழும்புகள் மட்டும் தங்கின. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பஞ்சாகப் பிய்த்துவந்து அவள் கன்னத்தில் வைத்தார். மகள் திடுக்கிட்டு விலகினாள்.

"வேணாம்ப்பா. தொடாதீங்க."

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லப்பா. தெரியுது."

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, மெஷின் எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். தெருக்காரர்கள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, அவரவர் எண்ணெயை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். அவள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் முகம் கழுவுகிறாள். அந்தத் தண்ணீர் ஓடும் சாக்கடையில் தெருமுனைவரை ஏழு நிறமும் மின்னிக்கொண்டு போகிறது. துப்புரவுக்காரர்கள் அதையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள்.