சனிக்கிழமை தம்பியின் முறை

போன் வந்தபோது அக்கா கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரங்கட்டிக்கொண்டிருந்தாள். பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேசியது எதிர்வீட்டுத் தையல்காரம்மா.

"உங்க அப்பா கட்டில்லேர்ந்து விழுந்துட்டாரும்மா. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல கெடந்தாரு..." அங்கே யாரோ கூப்பிட, பேச்சு ஒரு கணம் நின்றது. "பதறாத. நானும் எங்க வீட்டுக்காரரும் தூக்கி உட்கார வெச்சிருக்கோம். உயிருக்கு ஒண்ணுமில்ல."

"தம்பி எங்க?"

"யாரையும் காணோம். கதவு பூட்டியிருந்துச்சு. சத்தம் கேட்டு, நீ குடுத்து வெச்சிருந்த சாவியிலதான் திறந்தேன்."

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போனபோது ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. 'போடா.' தண்ணீர் வேண்டும் என்றாலும் போடாதான், வலிக்கிறது என்றாலும் போடாதான். வெல்டிங் பட்டறை நடத்திய காலத்தில் வேலையாட்களைக்கூட வாங்க, போங்க என்று பேசிய மனிதர். பரிசோதிக்க வந்த டாக்டரைப் பார்த்து முதல்முறை அதைச் சொல்லிவிட்டு, தன் வாயை இடது கையால் பொத்திக்கொண்டார்.

வார நாட்களில் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா வருவாள். இரவெல்லாம் அக்கா, ஞாயிறு பகலும். சனிக்கிழமை பகல் மட்டும் தம்பி. வாரத்தில் அந்த ஒரு பகல்.

தம்பியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போனை அணைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருக்கும் இடம் ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தனி வீடு, தனிக்கட்டை. தியானம் பிடித்துக்கொண்டதிலிருந்து அவன் குரலே இறங்கிவிட்டது. அவள் எதற்காவது கத்தினால், "கோபம் வருதா? சும்மா பாரு அக்கா. வரும், இருக்கும், போயிடும்" என்பான்.

"பீத்துணியும் வரும், இருக்கும். தானா போகாதுடா. நான்தான் தொவைக்கணும்" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் சிரித்தான். கோயில் சிலை சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

வேறொரு டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அப்பா சுவரைப் பார்த்தபடி இருந்தார். வேட்டியெல்லாம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. வெந்நீர் வைத்துத் துடைத்தாள். உடம்பைத் திருப்பி, பவுடர் போட்டு, உலர்ந்த துணி கட்டினாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. அவமானம். பெற்ற மகளிடம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை காலம் இருப்பான்? கோபத்தில் அவ்வளவு நிதானமாகத் தான் இருப்பது அவளுக்கே பயமாக இருந்தது.

"வாங்கப்பா, உங்க பிள்ளையப் பாத்துட்டு வரலாம்."

சக்கர நாற்காலியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போனாள். நடைபாதை உடைந்த இடங்களில் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து ஏற்றினாள். பழக்கடைக்காரர் உதவிக்கு எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கைச் சுத்தம் செய்து தியான மண்டபமாக்கியிருந்தார்கள். வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. உள்ளே மெத்தைகளில் கண்மூடிய மனிதர்கள். முன்னால் மொட்டைத் தலையும் காவி அங்கியுமாக ஒரு நடுவயது புத்தமதப் பெண் துறவி, பிக்குணி. மூன்றாவது வரிசையில் தம்பி, முதுகு நேராக, முகம் கழுவி வைத்த தட்டுபோல.

நாற்காலியை அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி பிரேக்கை மிதித்தாள்.

"இந்தா. உங்கப்பா."

அவன் கண்ணைத் திறந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "அக்கா... உனக்குள்ள நெருப்பு எரியுது. கொஞ்சம் மூச்சைக் கவனி" என்றான்.

அவ்வளவுதான்.

"மூச்சா? இவர் செவுத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு மூச்சு விட்டாரே, அதை யாருடா கவனிச்சது? இன்னைக்கு உன் முறை, பூட்டிட்டு வந்திருக்க! மூத்திரத்துல ஊறிக் கெடந்தாருடா! நீ இங்க உக்காந்து யாருக்கு நல்லவனாகுற?"

மண்டபம் முழுக்கக் கண்கள் திறந்துகொண்டன. அப்பா மகனைப் பார்த்துச் சொன்னார்: "போடா." இத்தனை நாளில் அந்தச் சொல் முதல்முறையாகச் சரியான இடத்தில் விழுந்தது.

பிக்குணி எழுந்து வந்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பினாள்.

"அமைதியா இருங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"நீங்கதானே இவனுக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான். சரியா சொல்லிக் குடுக்கல போல." பிக்குணி அப்பாவின் அருகில் மண்டியிட்டு முழங்கையைப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள். அவள் குரலிலும் சூடு இருந்தது. "கையில ரத்தம் வருது. நீ இன்னும் அதைப் பாக்கவே இல்ல. இத்தனை மாசமா என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்த? இன்னைக்கு உன் முறைன்னு தெரியுமா?"

"தெரியும்மா. மனசு சரியில்ல, அதனால..."

"எழுந்திரு. இவரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. நான் கூப்பிடாம இந்தப் பக்கம் வராத."

தம்பியின் காது சிவந்தது. தன்னிடமிருந்த வீட்டுச் சாவியையும் அவன் மடியில் எறிந்துவிட்டு அக்கா வெளியே நடந்தாள். "எனக்கு வேலை இருக்கு."

மறுபடி வண்டியை எடுத்தாள். எல்லா நிறுத்தத்திலும் கதவைப் படாரென்று திறந்தாள். சில்லறைக்குப் பையைத் தடவிய ஓர் ஆளை முறைத்தாள். கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியானதும் இன்ஜினை அணைத்தாள். 'சும்மா பாரு, சும்மா பாரு... அப்படி என்னத்தடா பாக்கச் சொன்ன, பாத்துடுறேன்' என்று வீம்புக்குக் கண்ணை மூடினாள்.

காதுக்குப் பின்னால் கொதித்தது. தாடை கடித்துப் பிடித்திருந்தது. எதுவும் போகவில்லை, பார்க்கப் பார்க்க ஏறியது. ஆனாலும் விடாமல் பார்த்தாள். அப்போது மதியம் வந்த அந்தப் போன் நினைவுக்கு வந்தது. விழுந்துட்டார் என்பதற்கும் உயிருக்கு ஒண்ணுமில்ல என்பதற்கும் நடுவில் தையல்காரம்மா பேச்சை நிறுத்திய ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் அவள் மனம் 'முடிஞ்சுதா?' என்று கேட்டிருந்தது. பயத்தோடு அல்ல, ஆசையோடு.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கதவைத் திறந்து ஆட்களை ஏற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது தம்பி குளியலறையில் படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க ஈரம். கண் வீங்கியிருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முழங்கையில் கோணல்மாணலாக ஒரு கட்டு.

"அப்பாகிட்டக் கத்திட்டேன் அக்கா. ஊட்டின சோத்தை மூஞ்சியில துப்பினார். கையை ஓங்கிட்டேன்."

"அடிச்சியா?"

"இல்ல. ஆனா அடிக்கணும்னு இருந்துச்சு. எனக்குக் கோபமே போயிடுச்சுன்னு நெனச்சிருந்தேன்." விரிப்பைக் கீழே போட்டான். "ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ரூம்ல உக்காந்தா ஒரே நினைப்புதான். இவர் போயிட்டா தேவலைன்னு. பயந்துபோய்ட்டேன். அதை விரட்டத்தான் அங்க போய் உக்காந்தேன்."

அவள் விரிப்பின் ஒரு முனையை எடுத்தாள். அவன் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் எதிரெதிராக முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

"அந்த நினைப்பு எனக்கும்தான் வருது" என்றாள். "அதுக்காக நான் அவரைப் பூட்டிட்டுப் போனேனா?"

அவன் விரிப்பை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

"நிம்மதியை நீ எடுத்துக்கிட்ட. நாத்தத்தை என்கிட்ட விட்டுட்ட. எல்லாத்தையும் பாக்குறேன்னு சொன்னவன் என்னைப் பாக்கலையேடா."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையிலும் கோபம்தான் இருந்தது.

அடுத்த வாரம் தம்பி துணிமணியும் கம்ப்யூட்டருமாக வந்து முன்னறையில் குடியேறினான். அவள் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரவுகளைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். காலையில் அப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருவான், கண்ணைத் திறந்தபடி. அப்பா இருமினால் எழுந்துவிடுவான். துணி மாற்றும்போது குமட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விடுவான். சில நாள் பாதியில் வெளியே ஓடிப்போய்த் திட்டிவிட்டு வருவான். அந்தச் சிலைச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. பெரிய ஞானியாகவெல்லாம் ஆகவில்லை. விரிப்பைச் சுருக்கமில்லாமல் போட இன்னும் வரவில்லை. அதற்கு அவள் கத்துவாள், அவனும் திருப்பிக் கத்துவான்.

ஒருநாள் காலை இருவருமாக அப்பாவைப் புரட்டப் போகும்போது கேட்டான்: "அக்கா, என்னை மன்னிச்சிட்டியா?"

அவள் தனக்குள்ளே பார்த்தாள். காதுக்குப் பின்னால் சூடு அங்கேயேதான் இருந்தது.

"இல்ல" என்றாள். "அந்தப் பக்கம் போய் இடுப்பைத் தாங்கிப் பிடி. மெதுவா. அவருக்கு வலிக்கும்."

அவன் அந்தப் பக்கம் போய்க் குனிந்தான்.