இரண்டாவது பிழை

"ஒரு கால் கறுப்பு, ஒரு கால் நீலம். கண்ணு தெரியுதா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"என் காலையா பாக்கப் போறாங்க?" என்று சாக்ஸை மாற்றாமலே கிளம்பினான் கணவன். மதியம் அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். இருவருக்கும் ஒரே குழு. நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை அவன் எழுதுவான், அவள் சோதிப்பாள். வந்த அன்றே ஏதோ சரியில்லை என்று பட்டது. அவள் தலையைக் கண்டதும் குழுத்தலைவர் திரையை மாற்றினார். டீ இயந்திரத்தருகே பேச்சு பாதியில் நின்றது.

பக்கத்து இருக்கைக்காரனிடம் மெல்லக் கறந்தாள். கார்டில் கோளாறு வந்தால் ஒரு வாடிக்கையாளரின் சர்வர்கள் மீளாமல் அப்படியே உறைந்துவிடுகின்றனவாம். கோளாறிலிருந்து கார்டை மீட்கும் பகுதி முழுக்க அவள் கணவன் எழுதியது.

நேரே குழுத்தலைவரிடம் போனாள். "இறந்தவர் தலையில கட்டுறது சுலபம், இல்லையா சார்?"

"நீ இதுல தலையிடாதம்மா. நான் பாத்துக்கறேன்."

அந்தப் 'பாத்துக்கறேன்'ஐ அவள் நம்பவில்லை.

சோதனை அறையில் கார்டுக்குள் வேண்டுமென்றே ஒரு பிழையைச் செலுத்தினாள். டிரைவர் கார்டை நிறுத்தியது, மறுபடி எழுப்பியது. இதுல என்ன குத்தத்தைக் கண்டாங்களாம்? மறுபடி ஒரு பிழை, அதன் மீட்பு முடிவதற்குள் இன்னொன்று என்று செலுத்தினாள். இயந்திரம் உறைந்தது. ஏற்கெனவே நிறுத்தியதையே டிரைவர் மறுபடி நிறுத்தப்போய், வராத பதிலுக்குக் காத்துக்கிடந்தது.

குழுத்தலைவர்தான் எதையோ மாற்றிவைத்திருப்பார் என்று டிரைவரின் பழைய மாற்றப் பதிவுகளை வரிவரியாகத் துழாவினாள். கிடைத்தது வேறு. கணவன் கேட்டிருந்தான்: "அடுத்தடுத்து ரெண்டு பிழை வந்தா? ஒரு தடவை பாத்துடேன்." கீழே பதில்: "அதெல்லாம் லட்சத்துல ஒண்ணு. பசிக்குது, கிளம்பலாம்." சோதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

பின்னால் வந்து நின்ற குழுத்தலைவர் தொண்டையைச் செருமினார். "இதுக்குத்தான்மா ஒளிச்சேன். இருக்கற பாரத்துல இது வேற எதுக்கு உனக்கு?"

திருத்தம் நான்கே வரி: ஏற்கெனவே நிறுத்தியாயிற்றா என்று பார், ஆயிற்றென்றால் தொடாதே. காரணம் என்ற இடத்தில், "எழுதியவர் கேட்டிருந்தார். நான் சோதிக்கவில்லை" என்று எழுதினாள்.

"அந்த வரி வேணாமே."

"இருக்கட்டும் சார். அவர் கேட்டாரு. கேட்டாருன்னு இருக்கணும்."

இரண்டு பிழை, மூன்று பிழை என்று செலுத்திப் பார்த்தாள். கார்டு ஒவ்வொரு முறையும் எழுந்தது. பிறகுதான் திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். மடல் வழக்கம்போல ஐந்து பேருக்குப் போனது. பட்டியலில் அவன் முகவரி இன்னும் இரண்டாவதாகவே இருந்தது.