வெறுங்காலைக் கடிக்கும் மலை

முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைத்தார்கள். பெண்கள் வரலாம் என்பது அதுவரைதான். சுற்றி வந்து அழுதுவிட்டு அத்தைமார்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். மதிவதனி மட்டும் அப்பாவின் தலைமாட்டிலேயே நின்றாள்.

"வூட்டுக்குப் போம்மா. இதுக்கு மேல பொம்பளைங்க வரக் கூடாது," என்றார் சித்தப்பா காத்தவராயன்.

"நான் வரேன் சித்தப்பா."

அப்பா ராஜமாணிக்கம் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். ஆயுசுக்கும் எழுதியது பிள்ளைகளுக்கான ஒரே ஒரு சாகசக் கதைப் புத்தகம். அதில் மதி என்கிற சிறுமி, யார் பேச்சையும் கேட்காமல் வெள்ளை மலையைத் தேடிப் போவாள். அந்த மலைக்குப் பல் உண்டு. வெறுங்காலோடு வருகிறவர்களைக் கடிக்கும். கதைச் சிறுமிக்குத் தன் பேரையே கொடுத்தவளுக்கு மலையைக் காட்ட வேண்டாமா? எங்கே என்று கேட்டால் மனிதர் சிரிப்பார். "நீயே தேடிக் கண்டுபுடி." அவளா விடுவாள்? செஞ்சிக்குப் போனாள், கல்வராயன் மலைக்குப் போனாள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டாள். எந்த மலையும் வெள்ளையாக இல்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டாள்.

"பக்கத்துலதான் இருக்குது பாப்பா. அந்தப் பக்கம் உன்ன யாரும் வுட்டிருக்க மாட்டாங்க," என்றவர் மீதியை இருமலில் விழுங்கிவிட்டார்.

காலையில் பாடை கட்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெண்களை யாரும் விடாத பாதை ஊரில் இந்தச் சுடுகாட்டுப் பாதை ஒன்றுதான்.

"ஊரு என்னம்மா பேசும்?" என்றார் சித்தப்பா.

திரும்பிப் போய்க்கொண்டிருந்த அம்மா பாஞ்சாலை நின்றாள். "வரட்டும் வுடுங்க தம்பி. கூப்புட்டதே அவுங்க அப்பாதான்."

சித்தப்பா தூக்குகிறவர்களுக்குக் கை காட்டினார். பாடை எழுந்தது.

கம்பெனிகளின் பின்சுவரைத் தாண்டியதும் பாதை மணிமுத்தாற்றுப் பக்கம் வளைந்தது. வளைவில் நின்றது மலை. சூளையில் வெடித்த கோப்பைகளும் மூக்குடைந்த பொம்மைகளும் ஃபியூஸ் கட்டைகளும், வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டிப் பனைமர உயரத்துக்கு வளர்ந்த வெள்ளைக் குவியல். வெயிலில் கண் கூசியது. சுடுகாட்டுக்குப் போய்வந்த ஆண்களுக்கெல்லாம் தெரிந்த இடம்தான். அவர்கள் யாரும் அதை மலை என்று சொன்னதில்லை. அட அப்பா, இதுக்கா என்னை ஊர் ஊரா அலையவிட்ட? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

பாடைக்குப் பின்னால் செருப்போடு யார் நடப்பார்கள்? சுரீரென்றது. காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் பீங்கான் சில்லு ஏறியிருந்தது.

சித்தப்பா ஓடி வந்து தோளைப் பிடித்தார். "குத்திடுச்சாம்மா?"

"இல்ல சித்தப்பா," என்றாள். "கடிச்சிடுச்சு."

சில்லைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பாடையை எட்டிப் பிடிக்க நொண்டிக்கொண்டே ஓடினாள்.