அறுநூறு நாற்காலிக்கு ஓர் அரபு நாவல்

நாற்காலி கம்பெனியில் அவனுக்குப் பெயர் பார்சல். பேக்கிங் கொட்டகையில் பதினோரு வருஷம் அட்டைப்பெட்டி ஒட்டியவனை ஏற்றுமதிப் பிரிவுக்கு மாற்றியபோது அந்தப் பெயரும் கூடவே மாடியேறி வந்துவிட்டது. ஏற்றுமதிப் பிரிவு என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரே ஒரு வாடிக்கையாளர். அவருக்கும் அரபு தவிர வேறு பாஷை தெரியாது. அவரோடு பேசிவந்த மொழிபெயர்ப்பாளர் வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார்.

"மூணு மாசத்துல அவரே நேர்ல வர்றாரு. இங்க யாருக்காவது அரபு வருமா?" என்றார் முதலாளி.

மின்விசிறியைப் பிரிய மனமில்லாத பார்சல், "வந்துடும் சார்" என்று சொல்லிவைத்தான்.

"வரலேன்னா ஏற்றுமதியை இழுத்து மூடிடுவேன். நீ மறுபடி கொட்டகைக்குப் போகணும். அங்க ஃபேன் கிடையாது, ஞாபகம் இருக்கில்ல?"

நன்றாகவே இருந்தது.

வீட்டில் மனைவியின் அண்ணன் தங்கியிருந்தார். உலக மொழிகளைப் பற்றி மேடைமேடையாகப் பேசுகிறவர். எல்லா மொழிகளைப் பற்றியும் தமிழிலேயே பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இலக்கணப் புத்தகத்தைத் தொட்டியோ, மொழி செத்துடும் மாப்ள. நாவல் படி. வினைச்சொல்லுங்கறது ஒரு மனுஷனோட வேர்வைல நனைஞ்சு வரணும்." பிறகு தூங்குகிற குழந்தையைக் கைமாற்றுவதுபோல் ஒரு நானூறு பக்க அரபு நாவலை நீட்டினார். "பதினோரு தடவை படிச்சிருக்கேன். பதினோரு தடவையும் அழுதிருக்கேன்."

பழைய அச்சு. தாள்கள் மடிப்பு வெட்டப்படாமல் ஒட்டிக்கிடக்கும் ரகம். படிக்கிறவரே பிளேடால் கீறிப் பிரித்துக்கொள்ள வேண்டும். பதினாறாம் பக்கம்வரை பிரிந்திருந்தது. பதினேழிலிருந்து கடைசிவரை அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கே மூடிக்கிடந்தது. பார்சல் புத்தகத்தைப் பார்த்தான். மைத்துனரைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அவன் பிளேடு வாங்கக் கடைக்குப் போனான்.

எழுத்துகளைச் செல்போனில் கற்றுக்கொண்டான். நாவலில் வரும் சொல்லுக்கு மட்டும் அகராதியைத் தொடலாம். வராத சொல் நாக்கில் ஒட்டாது என்பது மைத்துனரின் கட்டளை. கதையோ, ஒரே வாரத்தில் இரண்டு மனைவிகளையும் பறிகொடுத்த ஒருவன் ஊர் ஊராக அலைந்து, தன்னைப்போல் பறிகொடுத்தவர்களாகப் பார்த்துச் சந்திப்பது. அரபில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே, இரண்டுக்கென்று தனி வடிவம் உண்டு. இரண்டு கல்லறை, இரண்டு தலையணை என்று பார்சல் அதைக் கரைத்துக் குடித்துவிட்டான். கண்ணீருக்கு மட்டும் ஒன்பது சொல் கைவசம். நாற்காலிக்கு ஒன்றுகூட இல்லை. நாவலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தே அழுதார்கள்.

"நாற்காலியே வரலையே மச்சான்."

"இலக்கியத்துல போய் நாற்காலி தேடறியே மாப்ள," என்றார் மைத்துனர், மனம் நொந்து.

சொற்களை அட்டையில் எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினான்.

"அடுப்புக்கு மேல என்ன எழுதியிருக்கு?" என்றாள் மனைவி.

"விதவை."

"மொதல்ல அதைக் கிழிங்க."

மூன்று மாதம் ஓடியது. வாடிக்கையாளர் வந்தார், ஒல்லியான, கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். கூட்ட அறையில் முதலாளி, பார்சல், மொழி ஆலோசகர் என்ற பட்டத்தோடு மைத்துனர். முகமன் பிசகில்லாமல் நடந்தது. அடுத்து முதலாளியை அறிமுகம் செய்ய வேண்டும். நாவலில் வந்த அறுபத்தோரு பேரையும் ஒரே மாதிரி வாக்கியத்தில்தான் அறிமுகம் செய்திருந்தார்கள். ஆகவே அதுதான் அரபு மரியாதை என்று பார்சல் எப்போதோ முடிவுகட்டியிருந்தான். முதலாளி பக்கம் கையை நீட்டி, உச்சரிப்பு சுத்தமாகச் சொன்னான்: "இதோ, துணையை மண்ணுக்குக் கொடுத்தவர். ஆனாலும் விருந்தினருக்குக் கதவு திறக்கிறார்."

வந்தவர் கைப்பெட்டியைக் கீழே வைத்தார். முதலாளி வியாபாரத்துக்கென்றே வைத்திருக்கும் முப்பத்திரண்டு பல் சிரிப்பைச் சிரித்தார். அந்தத் தைரியம் வந்தவரை உடைத்துவிட்டது. பாய்ந்து கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்னய்யா சொன்னே?" என்றார் முதலாளி, அவர் தோளுக்கு மேலாக.

"நாற்காலி புடிச்சுப்போச்சாம் சார்."

"இன்னும் உக்காரவே இல்லையே."

"பார்த்ததுமே சார்."

வந்தவர் பத்து நிமிஷம் பேசினார். மரணம், பொறுமை, வெறுமையான வீடு, இரண்டு தலையணை. பார்சலுக்கு ஒரு சொல்கூடத் தப்பாமல் புரிந்தது.

மைத்துனர் அவன் காதோரம் குனிந்தார். "மழை பெய்யுதுங்கறாரு."

நாவலின் முதல் பதினாறு பக்கமும் மழைதான்.

மறுத்துச் சொல்லிவிடப் பார்சல் தவித்தான். யாரும் சாகவில்லை, முதலாளியம்மா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். நானூறு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினான். அத்தனை பக்கத்தில் ஒருத்தர்கூடச் சௌக்கியமாக இல்லை.

அதற்குள் வந்தவர் பேனாவை எடுத்துவிட்டார். ஆர்டர் தாளில் இருநூறு நாற்காலி என்றிருந்ததை அடித்து அறுநூறு என்று எழுதினார். துக்கத்தில் இருப்பவரிடம் பேரம் பேசுவது அவருக்கு அசிங்கமாகப் பட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் முதலாளி பார்சலின் மேஜைக்கே இன்னொரு ஃபேனோடு வந்தார். "அடுத்த மாசம் அவரு திரும்ப வர்றாருய்யா. இவ்வளவு பாசமான மனுஷனை ஹோட்டல்ல விடலாமா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். என் சம்சாரமே பரிமாறட்டும். நீதான் அறிமுகம் பண்ணிவைக்கணும்."

இரண்டு ஃபேன் காற்றிலும் பார்சலுக்கு வேர்த்தது. வீட்டுக்குப் பறந்தான்.

"மச்சான், யாரும் சாகாத நாவல் ஒண்ணு குடுங்க. 'அவங்க நல்லா இருக்காங்க'ன்னு ஒரு இடத்துல வந்தாப் போதும்."

மைத்துனர் தம் அலமாரியை நெடுநேரம் பார்த்தார். பத்து மொழி, முந்நூறு புத்தகம், வெட்டாத ஓரங்கள். "அப்படி வந்தா அது இலக்கியம் ஆகாதே மாப்ள."

மறுநாள் பார்சல் கடைத்தெருவில் சின்னப்பிள்ளைகளுக்கான அரபுப் பாடநூல் ஒன்று வாங்கினான். நாவலின் அட்டையை உரித்து அதற்கு மாட்டிக்கொண்டு, மைத்துனரின் கண்ணெதிரிலேயே கூடத்தில் உட்கார்ந்து திறந்தான். முதல் பாடத்தின் முதல் வரி: இது நாற்காலி. இரண்டாவது வரி: அம்மா நலமாக இருக்கிறாள். படத்தில் ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பன்னெண்டாவது தடவை படிக்கும்போதுதான் அதோட ஆழம் புரியும்," என்றார் மைத்துனர், அட்டையைப் பார்த்து உருகி.

பார்சல் அந்த இரண்டாவது வரியை உதட்டுக்குள் நாற்பதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பைக் கண்ட மனைவி பக்கத்தில் வந்தாள்.

"என்ன, அந்தக் கதைல யாராவது பொழைச்சாங்களா?"

"முதலாளியம்மா பொழைச்சுட்டாங்க," என்றான்.