தானே ஏறித் தானே இறங்கும் சரக்கு

வெள்ளிக்கிழமை விடியற்காலை எங்கள் ஊரான லெம்மரின் துறையில் கயிற்றை அவிழ்க்கும்போதே என் மகன் யெல்மர் நிபந்தனை போட்டுவிட்டான். ஞாயிறு சாயங்காலம் படகு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வர வேண்டும். கீறல் விழுந்தால் சாவி அவன் கைக்குப் போகும். வசந்தத்தில் படகை விற்றுவிடுவான். போன இலையுதிர் காலத்தில் நான் ஒரு துறைமுகக் கம்பத்தில் இடித்துவிட்டேன், மூன்று வருடமாகப் படகை விற்கச் சொல்கிறவனுக்கு அது ஒரு சாக்கு. நாற்பத்தோரு வருடம் சரக்குப் படகு ஓட்டியவளுக்கு ஒரு கம்பத்தை வைத்தா மதிப்பெண் போடுவது?

"கீறல் விழலேன்னா?" என்று கேட்டேன்.

"விழலேன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேம்மா."

அந்த வாய் மூடும் என்றால் நான் எதற்கும் தயார்.

ஆம்ஸ்டர்டாமில் என் மகள் ஃபெம்கே மட்பாண்டப் பட்டறை திறக்கிறாள். மின்சூளை ஒன்று, களிமண் மூட்டைகள் நூற்றைம்பது, எல்லாம் என் படகில். ஏரியைக் கடந்து மாலைக்குள் நகரத்துக் கால்வாய்களுக்குள் நுழைந்தோம். அவள் தெருவின் முனையில் உள்ள கல்பாலம் படகுக்காகத் தூக்கித் திறக்க முடியாத பாலம். பாலத்தின் வயிற்றுக்கும் சுக்கான் அறையின் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு நுழைந்தேன். கூடவே வந்த ஃபெம்கே கண்ணை மூடிக்கொண்டாள். நான் விசில் அடித்தேன்.

சனிக்கிழமை முழுக்க இறக்கினோம். அவளுடைய நண்பர்கள் பத்துப் பேர் வந்து முதுகு ஒடிய உழைத்தார்கள்.

ஞாயிறு காலை யெல்மர் ரயிலில் வந்து அந்தப் பாலத்தின் மேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் கம்பீரமாகத்தான் படகை எடுத்தேன். பாலத்துக்கு ஓர் ஆள் தூரத்தில் எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினேன். கூரை பாலத்தைவிட மூன்று விரல் உயரத்தில் இருந்தது.

கனம் இறங்கினால் படகு மேலே எழும்பும். எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் ஒரு துறையில் சரக்கை இறக்கினால் அங்கேயே அடுத்த சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பித்தான் எனக்குப் பழக்கம். வெறும் படகோடு திரும்புவதா? அப்படி ஒரு யோசனையே என் மண்டையில் வரவில்லை. கால்வாயின் மறுமுனைப் பாலம் இதைவிடத் தாழ்வு. கூரையை மடக்கவும் முடியாது. மழை ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் சாவதற்கு முந்தின வருடம் அதை ஆணியடித்து இறுக்கிவிட்டார்.

"என்னம்மா, நின்னுட்டே?" யெல்மர் மேலிருந்து குனிந்தான்.

"காத்து வாங்குறேன்."

"சாவியைத் தூக்கிப் போடு, பிடிச்சுக்கறேன்."

"மூடு வாயை."

ஃபெம்கே கரையிலிருந்து கத்தினாள். "அம்மா, களிமண்ணை மறுபடி ஏத்தலாமா?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் அதை யாருடி இறக்குறது? நேத்து வந்தவங்க இந்நேரம் தைலம் தேய்ச்சுட்டுப் படுத்திருப்பாங்க. எனக்கு வேண்டியது தானே ஏறித் தானே இறங்குற சரக்கு."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே புரிந்தது. தெருவைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வெயில், வீட்டுப் படிகளில் மனிதர்கள் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

படகைக் கரையில் கட்டிவிட்டுப் போய், பாலம் தாண்டும்வரை படகில் வந்து உட்காரச் சொல்லிக் கேட்டேன். இந்த நகரத்துக்காரர்கள் இருக்கிறார்களே! வில்லெமைன் என்ற அம்மாள் டைரியை எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கா? முன்கூட்டியே சொல்லாமலா? வியாழக்கிழமை நாலு மணிக்கு வேணா வரேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் என் படகு உங்க ஜன்னலுக்கு எதிர்லயே நிக்கும், பரவாயில்லையா?"

அவள் டைரியை மூடினாள்.

நான் படகிலிருந்து எங்கள் ஊர்ச் சர்க்கரை ரொட்டி நான்கையும் எடுத்து வெண்ணெய் தடவி நீட்டினேன். இங்கே காபிக்கு ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்கள். இரண்டாவது துண்டு கிடைக்கும் என்று தெரிந்ததும் தெருவே எழுந்து வந்தது. நாய்களைச் சேர்க்காமல் இருபத்தாறு பேர்! எல்லோரையும் சுக்கான் அறை இருக்கும் பின்பக்கமாக நெருக்கி உட்கார வைத்தேன். ஹெய்ன் என்ற பழைய டிராம் ஓட்டுநர் என் காலடியிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"தலையைத் தூக்கினா தலை போயிடும்," என்றேன்.

"போனா போகட்டும். இன்னொரு துண்டு குடுங்க."

மெதுவாகப் பாலத்தை நெருங்கினேன். ஃபெம்கேயும் படகில் ஏறி, முன்னால் போய் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நகக்கனம் இடிக்கும்மா!"

நகக்கனம்! தெருவில் வேறு ஆள் இல்லை. பாலத்தின் மேல் ஒருவன்தான் இருந்தான், தொண்ணூற்றைந்து கிலோ. நான் அவனைக் கூப்பிடவில்லை. அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு அவன் படியிறங்கி வந்தான். கரையோரமாகப் பின்பக்கம் ஏறி, என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டான். படகு அவன் பங்குக்குக் கொஞ்சம் தாழ்ந்தது.

"போம்மா," என்றான்.

கல் எங்கள் தலைக்கு மேல் நகர்ந்தது. யாரும் ரொட்டிகூட மெல்லவில்லை. வெயில் மறுபடி முகத்தில் அடித்தபோது இருபத்தாறு பேரும் கத்தினார்கள். அடுத்த படித்துறையில் ஒவ்வொருவராக எனக்குக் கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

யெல்மர் மட்டும் இறங்கவில்லை. எழுந்து கூரை விளிம்பை முழுக்கத் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை.

"தோக்கணும்னே ஏறினியாடா?"

"படகுல எனக்கு என்னம்மா கோவம்? அப்பா போனதுலேருந்து நீ தனியா தண்ணில இருக்கே. விழுந்தா யாருக்குத் தெரியும்? ராத்திரி ஃபோன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்குது."

படகை விற்கச் சொல்கிறவனுக்கு என்னிடம் நூறு பதில் இருந்தது. பயப்படுகிறவன் ஒருவன் இவனுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக இவனோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டிருக்கிறேனா? எனக்கு வெட்கமாக இருந்தது.

நகர்ந்து நின்று சுக்கானை அவன் கையில் கொடுத்தேன்.

"அடுத்த பாலம் வரைக்கும்தான்," என்றேன்.