வெளியாள் கை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏமப்பேர் போவதற்குள் இரண்டு இடத்தில் இறங்கி மூச்சு வாங்குகிற ஆள் நான். என்னைப் போய் ஒரு சைக்கிள் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். வர வேண்டிய பெரிய மனிதர் கடைசி நேரத்தில் கை விரித்துவிட்டாராம். அகப்பட்டவன் நான்.

மேடையில் பக்கத்து நாற்காலியில் செந்தமிழ்ச்செல்வி இருந்தாள். அந்தச் சங்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மைக்கோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தக் கதையை என்னிடம் சொன்னாள். ஒரே ஓர் இடத்தில் வந்து நிறுத்திக்கொண்டாள்.

“அத்த மட்டும் கேக்காதீங்க சார்.”

கேட்காதே என்று சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடிகிறதா?

2

தொடக்கம், முதல் முயற்சி:

கல்வராயன் மலை அவளைச் சிறுவயதிலிருந்தே அழைத்துக்கொண்டிரு—

(மலை யாரையும் அழைக்காது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. அடித்தாயிற்று.)

இரண்டாவது முயற்சி:

பெல்லை விடாமல் அடித்தபடி மேட்டில் பாய்ந்தாள் செல்வி.

இதை ஃபோனில் செல்விக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “மலை சைக்கிள்ல பெல்லு ஏது சார்? யாருக்கு அடிக்கறது, கொரங்குக்கா?”

மூன்றாவது:

மூன்று பேர் புறப்பட்டால் மூன்று பேரும் வந்து சேர வேண்டும்.

இதை வைத்துக்கொள்கிறேன். இது என் கற்பனை இல்லை, பந்தயத்தின் விதி.

3

மாவட்டம் பிரிந்த பிறகு வந்த இரண்டாவது பொங்கல் முடிந்திருந்தது. எல்லோர் முகக்கவசமும் தாடைக்கு இறங்கியிருந்தது. மலை சைக்கிள் பந்தயம். கோமுகி அணையில் புறப்பட்டு, கரியாலூர் ஏறி, வெள்ளிமலைக்கு அப்பால் காட்டுப் பாதைகளில் சுற்றி, மலையிறங்கி, வயல்காட்டு வழியாக மறுபடி அணைக்கு. முழுப் பகலும் மிதிக்க வேண்டும். அணிக்கு மூவர். மூன்றாவது ஆளின் சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் அணியின் நேரம் நிற்கும். முதல் இரண்டு அணிகளுக்கு மாநில அணியில் இடம். செல்விக்கு அந்த இடம் வேண்டும். அது கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போகலாம், கிடைக்காவிட்டால் வரும் ஆவணியில் கல்யாணம் என்று அவள் அம்மா பச்சையம்மாள் முடிவாகச் சொல்லியிருந்தார்.

இன்னொரு விதியும் உண்டு. அணிக்குள் ஒருவரை ஒருவர் தள்ளலாம், இழுக்கலாம். வெளியாள் கை பட்டால் மூவரும் வெளியே.

மற்ற இருவர்: அஷ்பாக், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் கரீம் பாயின் மகன். தமிழரசன், மலையடிவாரத்துக் கரும்பு விவசாயி கண்ணாயிரத்தின் மகன். அவன் ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை.*

அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரண்டு பேர் வாயைத் திறந்தால் மூன்றாவது வார்த்தை சதவீதமாகத்தான் இருக்கும். தமிழரசனின் ஆட்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டுத் தெருவில் இறங்கியிருந்தார்கள். கேட்பதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தமிழரசனும் போஸ்டர் ஒட்டினான், கோஷம் போட்டான், மறுநாள் காலையில் வந்து செல்வியோடு மலையேறப் பழகினான்.

*செல்வி எந்தத் தெரு என்றும் நீங்கள் கேட்பீர்கள். முதல் பிரதியில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். வேறு தெரு. நான் எழுதாவிட்டாலும் தமிழரசனின் ஊருக்கு அது தெரியும்.

4

செல்வி மேட்டைப் பார்ப்பதில்லை. முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் இருக்கிற மண்ணை மட்டும் பார்ப்பாள். பார்த்து அதனோடு பேசுவாள். “வா. இன்னும் மேடு கீதா? காட்டு.” சரளைக்கல் வந்தால் கல்லிடம், வேர் வந்தால் வேரிடம். உச்சிக்கு வந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்குவாள். இப்படி ஒருத்தியைப் பார்த்து நான் வாய் பிளந்து நிற்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

வெள்ளிமலையைத் தாண்டும்போது அவர்கள் அணி இரண்டாவது இடத்தில் இருந்தது. மற்ற இருவருக்கும் முன்னால் எதிர்காற்றைத் தாங்கிக்கொண்டு போனவன் தமிழரசன். மலையிறங்கி மரவள்ளிக் காட்டுக்குள் நுழைந்ததும் அவன் சைக்கிள் தள்ளாடியது. அவன் இறங்கித் தொடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான்.

“சதை புடிச்சிக்கிச்சி.”

“நேத்து இன்னா பண்ண?”

அவன் தொடையை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

“தமிழு, உன்னத்தான் கேக்கறேன்.”

“ஊர்வலம். கள்ளக்குறிச்சி வரைக்கும் நடந்தோம்.”

செல்விக்கு வந்த கோபத்தில் அவன் சைக்கிளையே ஓர் உதை விட்டாள். அஷ்பாக் அவன் காலை நீவிக்கொண்டே, “பந்தயத்துக்கு மொத நாளு நடப்பியாடா?” என்றான்.

“எங்கப்பா கூப்ட்டாரு. இன்னா சொல்லச் சொல்ற? நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் மெதுவா வரேன்.”

“நாங்க போயி? உனுக்குப் பாய் விரிச்சி வைக்கவா? எழுந்திரு.”

அவள் தன் சீட்டுக்கு அடியில் சுற்றிவைத்திருந்த பழைய டியூப் பட்டையை உருவினாள். கேரியரில் புல்லுக்கட்டு கட்டுகிற அதே பட்டைதான். ஒரு முனையைத் தன் சீட்டுக் கம்பியில் இறுக்கினாள். மறுமுனையை அவன் ஹேண்டில்பாரில் உருவாஞ்சுருக்காகப் போட்டாள். ஒரு விரலால் இழுத்தால் கழன்றுவிடும்.

“எங்க ஊரு வழியாத்தான் போவணும்” என்றான் தமிழரசன்.

“தெரியும்.”

“இன்னிக்கி அங்க மறியல்.”

“அதுவும் தெரியும். அதான் சுருக்கு உன் கையில கீது.”

(இந்த இடத்தில் தமிழரசன் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன். இந்தக் கதை செல்வியின் கண்ணால் பார்க்கிறது. அவள் முன்னால் போகிறாள். அவளுக்குத் தெரியாததை நான் மட்டும் எட்டிப் பார்ப்பது அழகில்லை.)

அஷ்பாக்கை வைத்துக்கொண்டும் ஒரு தொல்லை. அவன் பின்னால் வந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். பார்த்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் அல்ல. நல்லவேளையாக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வழி கேட்டு வைக்கிறேன் என்று நிஜமாகவே அவன் முன்னால் பறந்துவிட்டான்.

5

கரும்புத் தோட்டத்தின் திருப்பத்திலேயே கோஷம் கேட்டது. செல்வி ஒரு கியர் குறைத்தாள். ஒரு பயல் அவளிடம் வாலாட்டியதற்காக இதே ஊரில் அவள் பஸ்ஸைப் பாதியில் விட்டு இறங்கி நடந்தது உண்டு. இப்போது அதே ஊரின் பிள்ளையைப் பட்டையில் கட்டி இழுத்துக்கொண்டு போகிறாள்.

தூரத்தில் அஷ்பாக்கின் குரல்: “மாமா, கொஞ்சம் வழி வுடுங்க மாமா! நம்ம தமிழுதான் வரான்!”

ரோட்டின் குறுக்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நடுவில் ஒரு சைக்கிள் போகிற சந்து. முன்வரிசையில் தோளில் துண்டோடு கண்ணாயிரம்.

அந்த முகங்கள் முதலில் செல்வியைப் பார்த்தன. பிறகு அவள் சீட்டைப் பார்த்தன. பிறகு அந்தப் பார்வை பட்டையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போயிற்று. கோஷம் நின்றுவிட்டது.

“இன்னாடா இது, மாட்டப் புடிச்சிக்கினு போற மாரி…” என்று ஒரு குரல் ஆரம்பித்தது. முடிக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். கண்ணாயிரம் ஓர் அடி முன்னால் வந்தார்.

இறங்கிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இறங்கினால் அவனுக்கும் அவமானம், தனக்கும் அவமானம். மண்ணைப் பார்த்தாள். “வா” என்று அதனிடம் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

கூட்டத்தின் நட்டநடுவில் திடீரென்று பின்னால் இருந்த கனம் போய்விட்டது.

அங்கேதான் அவள் கதையை நிறுத்தினாள்.

6

கனம் ஏன் போனது? என்னால் எழுத முடிந்த முடிவுகள் இவை.

அ. அவன் சுருக்கை உருவிவிட்டான். அப்பா பார்க்க, ஊர் பார்க்க, இருபத்திரண்டு வயதுப் பையன் வேறென்ன செய்வான்? தனியாக மிதித்துப் பாதி வழியில் விழுந்திருப்பான். இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

ஆ. அவன் மிதித்தான். பிடித்த சதையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டை தொய்கிற அளவுக்கு மிதித்தான். கட்டியபடியே ஊரைக் கடந்தான். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இ. ஊர் தள்ளியது. காலையிலிருந்து வெயிலில் கிடந்தவர்கள், சிரித்தவன் உட்பட, “தள்ளுங்கடா, நம்ம புள்ளடா” என்று ஓடிவந்து சீட்டிலும் முதுகிலும் கை வைத்துவிட்டார்கள். அன்பு வைத்தால் ஆட்டம் போய்விடும் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

மூன்றாவதை ஃபோனில் செல்விக்குப் படித்துக் காட்டினேன். விதிப்படி அது வெளியாள் கை ஆயிற்றே என்று நானே ஆரம்பித்தேன்.

“அவன் ஊருல அவுங்க வெளியாளா சார்? அங்க வெளியாளு நான்தான்.”

“திரும்பிப் பாத்திருக்கலாமே?”

“பாத்திருக்கலாம்.”

“ஏன் பாக்கல?”

“முன்னாடி போறவ திரும்பிப் பாத்தா, அவன நம்பலன்னு அர்த்தம். சுருக்க அவன் கையில குடுத்தது நானு. குடுத்துட்டு இன்னா பண்றான்னு வேவு பாக்கச் சொல்றீங்களா?”

அந்த நிமிடத்தில் அவளுடைய வேலை, கல்யாணம், வருடக் கணக்கான மிதி எல்லாமே அவளுக்குப் பின்னால் அவள் கண்ணுக்குத் தெரியாத ஒருவனின் விரலில் இருந்தன. அவள் திரும்பவில்லை. நானாக இருந்தால் திரும்பியிருப்பேன். அவள் மேல் எனக்கிருக்கும் மதிப்பு மலையேறியதற்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு.

பந்தயத்தில் யார் எந்த இடம் என்று சங்கத்தில் விசாரித்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். நான் விசாரிக்கவில்லை.

7

எனவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அதற்கு நீங்கள் அந்த ரோட்டில் இருந்தாக வேண்டும். கண்ணாயிரத்துக்கு நாலு ஆள் தள்ளி நில்லுங்கள். செல்வி உங்களைத் தாண்டிவிட்டாள். அடுத்து தமிழரசன் வருகிறான், கைக்கெட்டும் தூரத்தில், முகமெல்லாம் வேர்வை. அவன் ஒரு விரல் சுருக்கின் மேல் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் கை நீட்டப் பார்க்கிறார். அவருக்கு விதி தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அவர் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அல்லது நீங்களும் நீட்டுங்கள். தமிழரசனின் விரல் என்ன செய்தது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததை என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.