இடது பக்கத்துச் சம்மதம்

மெக்கானிக்கின் இடது காதில் பள்ளிக்கூட நாளிலிருந்தே சீழ் வடிந்தது. அவரும் பஞ்சை அடைத்து, சொட்டு மருந்தை விட்டு, வந்த இடத்தில் தங்கிவிட்ட தூரத்துச் சொந்தக்காரரைப் போல அதை முப்பது வருடம் பொறுத்துக்கொண்டார். இன்ஜின் கோளாறைக் கண்டுபிடிக்க வலது காது போதும். வீட்டுக்குச் சரியாகக் கேளாத இடது காதுதான் வசதி. சாப்பாட்டு மேஜையில் மனைவி இடப்பக்கம். அவள் வாய் அசைந்தால் இவர் தலை அசையும். பதினெட்டு வருடக் குடும்பம் இப்படித்தான் சண்டையில்லாமல் ஓடியது.

தலை சுற்றிப் பட்டறைத் தூணைக் கட்டிப்பிடித்து நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காது டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார்.

"செவிப்பறையில ஓட்டை. உள்ள இருக்கிற குட்டி எலும்பு ஒண்ணை நோய் தின்னுடுச்சு. இத்தனை நாள் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"தலையாட்டிட்டிருந்தார் டாக்டர்," என்றாள் மனைவி.

நோயைச் சுரண்டி எடுத்தார்கள். காதுக்கு மேலிருந்த தசையின் மெல்லிய உறையை வெட்டிச் செவிப்பறைக்கு ஒட்டுப் போட்டார்கள். மடலின் குருத்தெலும்பைச் சீவி, போன எலும்பின் இடத்தில் நிறுத்தினார்கள். அவருடைய பட்டறை வேலையேதான். உதிரிபாகம் மட்டும் அதே வண்டியிலிருந்து.

ஆறு வாரம் கழித்துச் சோதித்ததில் காது தேறிவிட்டது. மறுநாள் காலை, படுக்கையறையில் பெட்டி ஜிப் இழுபடும் சத்தம் இடது காதிலேயே விழுந்தது. எழுந்து போய்ப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"என்னங்க, இன்னிக்குத்தானே பஸ்ஸு? எங்க தையல் கம்பெனியோட வெளியூர்ப் புதுக் கிளையில ரெண்டு வருஷம் தையல் சொல்லிக்கொடுக்கப் போறேன். உங்க ஆப்பரேஷனுக்காகத்தான் கம்பெனியில தள்ளி வச்சாங்க. நான் கேட்டப்பவே சரின்னீங்களே."

"காதுல விழவே இல்லம்மா. சும்மா தலையாட்டினேன்."

"தெரியும்." அவள் ஒரு புடவையை நான்காக மடித்தாள். "அதான் அந்தப் பக்கமா நின்னு கேட்டேன். ஒம்பது வருஷம் முன்னாடி இதே மாதிரி வேலைக்கு வலது பக்கமா வந்து கேட்டேன். வேணாம்னு ஒரே வார்த்தை. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னது. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இப்போது கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தார். அது பொய்யோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"குளிக்கும்போது வாசலின் தடவின பஞ்சு வச்சுக்கோங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்முங்க. மூக்கை அழுத்திச் சிந்தாதீங்க. விளங்குச்சா?"

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

"சரியா கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

அவள் நம்பவில்லை. ஆனாலும் முதலிலிருந்து சொன்னாள், கொஞ்சம் வேகமாக. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.